டிரான்ஸம் பலகை உளுத்துப்போன அலுமினியப் படகு: எந்த மரம் போடுவது, எப்படி மாற்றுவது

அமெரிக்காவின் மினசோட்டாவில் 14 அடி பழைய அலுமினியப் படகு ஒன்றை, 80களில் செய்தது, 15 எச்.பி. மோட்டாரோடு சேர்த்து வாங்கியிருக்கிறீர்கள். மோட்டாரைக் கழற்றிப் பார்த்தால் டிரான்ஸத்தில், அதாவது மோட்டார் மாட்டுகிற பின்சுவரில், இருக்கிற மரப்பலகைக்குள் ஸ்க்ரூடிரைவர் கைப்பிடி வரை இறங்குகிறது. கடையில் கிடைக்கிற பிரஷர் ட்ரீட்டட், அதாவது அழுத்தி மருந்து ஏற்றிய, ப்ளைவுட்டை அதே அளவுக்கு வெட்டிப் போட்டுவிட்டால் இனி உளுக்கவே உளுக்காதே, அது போதுமா என்று கேட்கிறீர்கள். போதுமா என்பது இருக்கட்டும், அதைப் போடவே கூடாது. இந்த வேலையில் வேறு எதில் கொஞ்சம் முன்னே பின்னே இருந்தாலும் சமாளித்துவிடலாம், இதில் மட்டும் விட்டுக்கொடுக்க இடமில்லை.

பிரஷர் ட்ரீட்டட் மரத்தில் பூஞ்சையைத் தடுப்பது பெரும்பாலும் செம்புதான். 2003 கடைசி வரை அமெரிக்காவில் வீட்டு உபயோகத்துக்கு விற்ற மரத்தில் செம்போடு குரோமியமும் ஆர்செனிக்கும் இருந்தன. அப்புறம் ஆர்செனிக்கை விலக்கிவிட்டு வந்த ஏசிக்யூ போன்ற மருந்துகளில் செம்பின் அளவு இன்னும் கூடிவிட்டது. அலுமினியத்துக்குச் செம்பு ஆகவே ஆகாது. இரண்டும் ஈரத்தில் சேர்ந்தால் மின்வேதி அரிப்பு தொடங்கும், கரைவது எப்போதும் அலுமினியம்தான். மரம் நனையும்போதெல்லாம் அதிலிருக்கிற செம்பு துளித்துளியாகத் தண்ணீரில் இறங்கித் தகட்டின் மேல் படிகிறது, படிந்த இடமெல்லாம் சுற்றியுள்ள அலுமினியத்தைக் குழித்துக்கொண்டே போகும். உங்கள் படகின் பின்தகடு 2 மில்லிமீட்டர் இருந்தாலே பெரிது. மக்கிப்போன பலகையை ஒரு வாரக்கடைசியில் மாற்றிவிடலாம், சல்லடையாகிப்போன தகட்டை மாற்ற முடியாது, படகே போச்சு.

இதற்கு எதிர்ப்பேச்சும் உங்கள் காதுக்கு வரும். இப்போது வருகிற நுண்துகள் செம்பு மருந்து அலுமினியத்தை ஒன்றும் செய்யாது என்பார்கள். அது டெக், வேலி மாதிரி தரைக்கு மேலே நின்று நனைந்து, அன்றே காய்ந்துவிடுகிற இடங்களுக்கான பேச்சு. டிரான்ஸத்தில் மரம் தகட்டோடு ஒட்டிக்கொண்டு நிற்கிறது, நடுவில் காற்று போக வழியில்லை, கோடை முழுக்க ஈரம் அங்கேயே கிடக்கும். எப்பாக்ஸி பூசிவிட்டால் செம்பு வெளியே வராதே என்றும் சொல்வார்கள். பூச்சில் ஒரு கீறல் விழுகிற வரைக்கும் வராது, அவ்வளவுதான். அதிலும் மருந்து ஏற்றிய மரம் பெரும்பாலும் கடையிலேயே ஈரமாக இருக்கும், ஈர மரத்தில் எப்பாக்ஸி ஒழுங்காகப் பிடிக்காது. மலிவாகக் கிடைக்கிறது என்பதைத் தவிர அதற்குச் சாதகமாக ஒன்றுமே இல்லை.

சரி, பின்னே எந்த மரம்? கேட்டால் எல்லாரும் மரைன் ப்ளைவுட் என்பார்கள், தப்பில்லை. ஆனால் மரைன் என்ற பேரைப் பார்த்துவிட்டு அது மக்காது என்று நினைத்துக்கொள்ள வேண்டாம். அதில் எந்த மருந்தும் கிடையாது. நடு அடுக்குகளில் வெற்றிடம் இருக்காது, முகத்தாள் நன்றாக இருக்கும், அதுதான் அதன் பெருமை. ஒட்டியிருக்கிற பசை என்று பார்த்தால் நல்ல எக்ஸ்டீரியர் ப்ளைவுட்டிலும் தண்ணீருக்கு அசையாத அதே மாதிரி ஃபினாலிக் பசைதான். அதனால் பக்கத்தில் டக்ளஸ் ஃபர் மரைன் ப்ளை கிடைத்தால் வாங்குங்கள், கிடைக்காவிட்டால் ஏசிஎக்ஸ் என்று முத்திரை குத்திய எக்ஸ்டீரியர் ப்ளையோ, விளம்பரப் பலகை செய்கிறவர்கள் வாங்கும், முகத்தில் பிசின் தாள் ஒட்டிய எம்டிஓ ப்ளையோ போதும். வாங்கும்போது பலகையின் விளிம்பைச் சுற்றிலும் பாருங்கள், நடு அடுக்கில் இடைவெளி தெரிந்தால் அந்தப் பலகையை விட்டுவிட்டு அடுத்ததை எடுங்கள். கட்டட வேலைக்கான சிடிஎக்ஸ் ப்ளை வேண்டாம். அதன் பசை கெட்டிதான், ஆனால் அடுக்குகளில் முடிச்சு விழுந்த ஓட்டைகள் நிறைய இருக்கும், போல்ட் இறுக்குகிற இடத்தில் அப்படி ஒரு ஓட்டை அமைந்தால் மரம் நசுங்கும்.

ஓக் பலகையை ஒரே துண்டாகப் போட்டால் என்ன என்று சிலருக்குத் தோன்றும். அகலமான ஒற்றைப் பலகை ஈரத்துக்கு விரியும், வெயிலுக்குச் சுருங்கும், நார் போகிற திசையில் பிளக்கும். ப்ளைவுட்டில் அடுக்குகள் குறுக்கும் நெடுக்குமாக இருப்பதால் அந்தத் தொல்லை இல்லை. பிளாஸ்டிக் பலகை மக்காதுதான், ஆனால் எச்டிபிஇ மாதிரிப் பலகைக்கு விறைப்பு பத்தாது, மோட்டார் நாள் முழுக்க இழுத்துக்கொண்டிருந்தால் மெல்ல வளைந்து வளைந்தபடியே நின்றுவிடும், பசையும் அதில் ஒட்டாது. கூஸா மாதிரி கண்ணாடி இழை கலந்த ஃபோம் பலகைகள் உண்மையிலேயே நல்லவை. ஆனால் 14 அடிப் பழைய படகுக்கு அந்த விலையைக் கொடுக்க எனக்கு மனசு வராது.

இந்தப் பலகை அங்கே எதற்கு இருக்கிறது என்று ஒரு நிமிடம் யோசித்துப் பார்த்தால் மற்ற முடிவுகள் சுலபமாகிவிடும். உங்கள் மோட்டார் பழைய டூ-ஸ்ட்ரோக் என்றால் 35 கிலோவை ஒட்டி இருக்கும், இப்போதைய ஃபோர்-ஸ்ட்ரோக் என்றால் 45, 50 கிலோ. எடையை விடப் பெரிய விஷயம் நெம்பு. புரொப்பெல்லர் தள்ளுவது கிளாம்ப் இருக்கிற இடத்திலிருந்து ஏறக்குறைய இரண்டடி கீழே. படகு வேகமெடுக்கும்போது மோட்டாரின் கீழ்ப்பாகம் டிரான்ஸத்தை முன்னால் அழுத்த, மேல்பாகம் பின்னால் சாயப் பார்க்கிறது. மெல்லிய தகடு தனியாக இதைத் தாங்காது. ஒன்றரை அங்குல மரம் உள்ளிருந்து அந்தச் சுமையை வாங்கி, பக்கச் சுவர்களுக்கும் தரையிலிருந்து வருகிற முட்டுச் சட்டத்துக்கும் பரப்பிவிடுகிறது. மினசோட்டாவிலேயே 1946இல் தொடங்கிய ஆலுமாக்ராஃப்ட், 1948இல் தொடங்கிய லண்ட் மாதிரி பேர்பெற்ற படகுகளின் பழைய மாடல்களில் எதைத் திறந்தாலும் பின்னால் ப்ளைவுட் இருப்பது இதற்காகத்தான். மேல்விளிம்பை மூடுகிற அலுமினிய மூடியின் வடிவமும் மூலைத் தகடும் ஆளுக்கொரு மாதிரி, செய்கிற வேலை ஒன்றே.

பலகை உளுப்பது பெரும்பாலும் தட்டையான முகத்தால் அல்ல. விளிம்பாலும் ஓட்டையாலும்தான் உளுக்கிறது. பழைய பலகையை வெளியே எடுத்ததும் நீங்களே பாருங்கள், கருத்துப்போய் நார்நாராகப் பிரிகிற இடம் மோட்டார் போல்ட்டைச் சுற்றி இருக்கும், தண்ணீர் வடிகிற ஓட்டையைச் சுற்றி இருக்கும், மேல் விளிம்பில் அலுமினிய மூடிக்கு அடியில் இருக்கும், முன்னே இருந்தவர் மீன் தேடும் கருவிக்கென்று சும்மா முடுக்கிவிட்டுப்போன ஸ்க்ரூக்களைச் சுற்றி இருக்கும். இவற்றுக்கு நடுவே உள்ளங்கையகல இடம் இன்னும் மஞ்சளாக, தட்டினால் கணீரென்று இருப்பதையும் காண்பீர்கள். ப்ளைவுட்டின் வெட்டுமுகத்தில் பாதி அடுக்குகளின் நார் முனை வெளியே பார்த்திருக்கிறது, தண்ணீரை உறிஞ்சுவது அந்த முனைகள்தான். அதிலும் இது நல்ல தண்ணீர் ஏரி. கடலில் உப்பாவது பூஞ்சையைக் கொஞ்சம் அடக்கி வைக்கும், மழைத்தண்ணீருக்கும் ஏரித்தண்ணீருக்கும் அந்தத் தடை கிடையாது. குளிர்காலத்தில் உள்ளே நின்ற தண்ணீர் உறைந்து அடுக்குகளைப் பிளக்கும், வசந்தத்தில் அந்தப் பிளவில் இன்னும் தண்ணீர் ஏறும். ஆகவே உங்கள் உழைப்பில் பெரும்பங்கு விளிம்புக்கும் துளைக்கும்தான் போக வேண்டும்.

இனி வேலைக்கு வருவோம். மோட்டாரை இறக்கியதும் படகின் அடியில், பின்முனைக்குப் பக்கமாக, நல்ல முட்டுக் கொடுங்கள். பலகையை எடுத்துவிட்டால் அந்தப் பின்தகடு வெறும் தகரம், டிரெய்லர் உருளைமேல் படகு கோணலாக உட்கார்ந்திருந்தால் அப்படியே கோணிக்கொள்ளும், பிறகு புதுப் பலகையின் துளைகள் எதுவும் நேராக வராது. எதையும் கழற்றும் முன் போனில் நாலா பக்கமும் படம் எடுத்துவையுங்கள், டிரான்ஸத்தின் மேல்விளிம்பிலிருந்து படகின் அடிவரை உள்ள உயரத்தையும் அளந்து எழுதிவையுங்கள். ஷார்ட் ஷாஃப்ட் (தண்டு குட்டையான) மோட்டாருக்கு அது 15 அங்குலம், லாங் ஷாஃப்டுக்கு 20. புதுப் பலகை கால் அங்குலம் உயர்ந்து நின்றாலும் மூடி உட்காராது. இன்னொன்று, வெளிப்புறம் வலது மேல்மூலையில் படகின் அடையாள எண் பொறித்திருக்கும், 1972 கடைசியிலிருந்து அமெரிக்காவில் செய்த படகுகளுக்கெல்லாம் அது உண்டு. அந்தத் தகட்டைக் கழற்ற வேண்டாம், அந்த எண்மேல் கிரைண்டர் படவே கூடாது.

ரிவெட்டை எடுக்கும்போதுதான் பலர் அவசரப்படுகிறார்கள். தலையின் நடுவில் பஞ்ச் வைத்து ஒரு குழி போடுங்கள். ரிவெட்டின் தண்டு என்ன பருமனோ அதைவிடச் சற்றே சின்ன பிட்டை மாட்டி, மெதுவான வேகத்தில் தலையை மட்டும் துளையுங்கள். தலை பிட்டோடு சேர்ந்து சுற்ற ஆரம்பித்தால் நிறுத்திவிடுங்கள், இன்னும் அழுத்தினால் தகட்டின் ஓட்டைதான் பெரிதாகும். உளியால் தலையை ஒரு தட்டு, பஞ்சால் தண்டுக்கு ஒரு தட்டு, வெளியே வந்துவிடும். துருப்பிடித்துத் திரும்ப மறுக்கிற போல்ட்டுக்கு முந்தின இரவே துரு இளக்கும் எண்ணெய் அடித்துவையுங்கள், அப்படியும் வராவிட்டால் கொஞ்சம் சூடு காட்டலாம். மூலைத் தகடுகளும் நடு முட்டுச் சட்டமும் விட்டுப்போன பிறகு பலகை மேலே உருவிக்கொண்டு வரும், அல்லது கையோடு கட்டிகட்டியாகப் பெயர்ந்து வரும். எப்படி வந்தாலும் துண்டுகளைத் தூக்கிப்போட வேண்டாம், தரையில் வைத்து ஒட்டுப்போட்டு அட்டையில் வரைந்துகொள்ளுங்கள். கீழ்விளிம்பு நேராக இருக்காது, படகின் அடி போகிற வளைவுக்கு ஏற்பச் சரிவாகச் சீவியிருக்கும், அந்தச் சரிவையும் குறித்துக்கொள்ளுங்கள்.

மரம் வெளியே போன பிறகு தகட்டின் உள்முகத்தை ஆற அமரப் பாருங்கள். ஈர மரம் ஒட்டிக்கிடந்த இடமெல்லாம் வெள்ளையாக, சில இடத்தில் சாம்பல் நிறமாக மாவுமாதிரி பூத்திருக்கும். நகத்தால் சுரண்டினால் உதிரும், அதற்கடியில் ஊசிமுனையளவு குழிகள் கொத்தாகத் தெரியும். செம்பே இல்லாத சாதாரண மரம்கூட, காற்றுப்படாமல் ஈரத்தோடு ஒட்டிக்கொண்டிருந்தால் இந்த அளவுக்கு அரிக்கும். நைலான் பிரஷ்ஷாலோ ஸ்டெயின்லெஸ் பிரஷ்ஷாலோ தேயுங்கள், சாதாரண இரும்புக் கம்பி பிரஷ் வேண்டாம், அதன் துகள் அலுமினியத்தில் பதிந்து துருப்புள்ளியாகும். வினிகரை நீர்த்துத் துடைத்துவிட்டு நிறையத் தண்ணீர் விட்டுக் கழுவிக் காயவிடுங்கள். இருட்டிய பிறகு வெளியிலிருந்து நல்ல டார்ச் ஒன்றைத் தகட்டோடு ஒட்டிப்பிடித்துக்கொண்டு உள்ளேயிருந்து பார்த்தால் ஊடுருவிய குழிகள் நட்சத்திரமாக மின்னும்.

மின்னினால் பயப்பட வேண்டாம். சின்னப் புள்ளிகளை எப்பாக்ஸியால் அடைக்கலாம், ஆனால் அதற்கு ஒரு பக்குவம் உண்டு. தேய்த்துப் பளபளப்பாக்கிய அலுமினியத்தின் மேல் உடனுக்குடன் ஆக்ஸைடு படலம் ஏறிவிடும், பசை தகட்டைப் பிடிக்காமல் அந்தப் படலத்தைத்தான் பிடிக்கும். அதனால் முதலில் எப்பாக்ஸியைத் தடவிவிட்டு, அது ஈரமாக இருக்கும்போதே அதற்குள்ளேயே உப்புத்தாளால் தேயுங்கள், புதிதாகத் திறக்கிற உலோகம் காற்றைக் காணாமலே பசையைக் காணும். உள்ளங்கையளவு இடம் முழுக்கச் சல்லடையாக இருந்தால் 5052 என்ற அலுமினியக் கலவைத் தகட்டில் ஒட்டு வெட்டி, சீலன்ட் தடவி, ரிவெட் அடித்துவிடுவது உத்தமம். விரிசல் ஓடியிருந்தால் மட்டும் வெல்டரிடம் போங்கள், இந்த மெல்லிய பழைய தகட்டில் பழகிய கையாகப் பார்த்துப் போங்கள்.

பலகையின் தடிமனைப் பழைய பலகையில் அளந்தால் ஊறி உப்பியிருக்கும், தப்பாகக் காட்டும். அலுமினிய மூடியின் உள்ளகலத்தையும் மூலைத் தகடுகளின் இடைவெளியையும் அளங்கள். பெரும்பாலும் ஒன்றரை அங்குலம் வரும், அதாவது முக்கால் அங்குலப் பலகை இரண்டு. அமெரிக்கக் கடையில் முக்கால் என்று விற்பது உண்மையில் 23/32 அங்குலம், இரண்டும் பசையும் சேர்ந்தால் ஒன்றரைக்குச் சற்றுக் குறைவாகவே நிற்கும், அது நல்லதுதான், மூடி சிரமமில்லாமல் இறங்கும்.

இரண்டையும் ஒட்டுவதற்கு எப்பாக்ஸியே சிறந்தது. இரண்டு முகத்திலும் முதலில் வெறும் எப்பாக்ஸியைத் தடவி மரத்தைக் குடிக்கவிடுங்கள், பிறகு சிலிக்கா பொடி கலந்து கெட்டித் தயிர் பதத்துக்குக் கொண்டுவந்ததை ஒரு முகத்தில் பரப்பி மூடுங்கள். கிளாம்பை மூச்சுமுட்ட இறுக்க வேண்டாம், பசை முழுக்க வெளியே வழிந்துவிட்டால் நடுவில் பிடிக்க ஒன்றும் இருக்காது, விளிம்பில் சீராகப் பிதுங்கினால் அதுவே போதும். உங்கள் டிரான்ஸம் லேசாக வெளியே வளைந்திருந்தால், பலகைகளைப் பிளாஸ்டிக் தாளில் சுற்றி, பசை காயும்வரை படகின் தகட்டிலேயே கிளாம்ப் போட்டு வையுங்கள், அந்த வளைவிலேயே இறுகிக்கொள்ளும். ஒரே தடவையில் நிறையக் கலந்து டப்பாவில் வைத்துவிடாதீர்கள், எப்பாக்ஸி தன் சூட்டிலேயே கொதித்துப் புகைந்து கட்டியாகிவிடும். கலந்ததும் அகலமான தட்டில் ஊற்றிவிட்டால் நேரம் கிடைக்கும். கையுறையும் மூக்குக்கு மாஸ்க்கும் கட்டாயம், ஒரு முறை தோலுக்கு ஒவ்வாமை வந்துவிட்டால் பிறகு வாழ்நாளுக்கும் அதைத் தொட முடியாது.

இப்போது துளைகள். உடம்பு வணங்கிச் செய்ய வேண்டிய இடம் இதுதான். பலகையைப் படகில் வைத்துப் பார்த்து, பழைய ஓட்டைகள் வழியாகப் புதுப் பலகையில் குறியுங்கள். போல்ட் 5/16 அங்குலம் என்றால் அரை அங்குல பிட்டால் துளையுங்கள். கீழ்ப்பக்கம் டேப் ஒட்டி அடைத்துவிட்டு, துளையின் உள்சுவரில் வெறும் எப்பாக்ஸியைத் தடவுங்கள். கண்ணெதிரே அந்த நார்முனைகள் அதைக் குடித்துவிட்டு மறுபடி வறண்டு நிற்கும், இன்னொரு தடவை தடவுங்கள், குடிப்பது நிற்கும்வரை தடவுங்கள். பிறகு கெட்டியாகக் கலந்ததை அதில் நிரப்பிக் காயவிட்டு, நடுவில் 5/16 பிட்டால் மறுபடி துளையுங்கள். இனி போல்ட் மரத்தைத் தொடாது, ஒரு எப்பாக்ஸிக் குழாய்க்குள் உட்கார்ந்திருக்கும். சீலன்ட் விட்டுப்போனாலும் தண்ணீருக்கு மரம் கிடைக்காது. தண்ணீர் வடிகிற ஓட்டைக்கும் இதையே செய்யுங்கள், அது பெரிய ஓட்டை என்பதால் சுவரில் மட்டும் நாலைந்து பூச்சு கொடுத்தாலும் சரிதான்.

முகங்களுக்கு இரண்டு பூச்சு, விளிம்புக்கு மூன்று. பலகையை முதலில் வெயிலிலோ ஹீட்டர் பக்கத்திலோ வைத்துச் சூடேற்றிவிட்டு, அது ஆறிக்கொண்டிருக்கும்போது பூசுங்கள். மரத்துக்குள் இருக்கிற காற்று குளிர்ந்து சுருங்கும்போது எப்பாக்ஸியை உள்ளே இழுத்துக்கொள்ளும். மாறாகக் குளிர்ந்த பலகையில் பூசிவிட்டு வெயிலில் வைத்தால் காற்று விரிந்து பூச்செல்லாம் கொப்புளமாகிவிடும். மினசோட்டா குளிர்காலத்தில் சூடில்லாத கராஜில் இந்த வேலையை ஆரம்பிக்கவே வேண்டாம், 15 டிகிரி செல்சியஸாவது வேண்டும். காய்ந்த பூச்சின் மேல் மெழுகுமாதிரி வழவழப்பு இருந்தால் வெறும் தண்ணீரால் தேய்த்துக் கழுவிவிட்டுத்தான் உப்புத்தாள் போட வேண்டும், இல்லையென்றால் அடுத்த பூச்சு உரிந்து வரும். கடைசியாக மேலே பெயிண்ட் அடித்தே ஆக வேண்டும், எப்பாக்ஸிக்கு வெயில் ஆகாது. என்ன நிறம் என்பது உங்கள் இஷ்டம். அடிக்கிற பெயிண்ட்டில் செம்பு கலக்காமல் இருந்தால் சரி, படகு அடிப்பக்கத்துக்கு விற்கிற பாசி தடுப்புப் பெயிண்ட் சிலவற்றில் அது இருக்கும்.

எப்பாக்ஸி வேண்டாம், ஆளி விதை எண்ணெயும் ஸ்பார் வார்னிஷும் போதும், மரம் மூச்சு விடட்டும் என்று சொல்கிற பழைய கைகள் இருக்கிறார்கள். அவர்கள் சொல்வதில் நியாயம் உண்டு. எப்பாக்ஸிக்குள் அடைபட்ட மரத்தில் ஒரே ஒரு துளை வழியாகத் தண்ணீர் போய்விட்டால் அது வெளியே வர வழியில்லாமல் உள்ளேயே மக்கவைக்கும். துளைகளை நான் சொன்ன மாதிரி நிரப்புகிற பொறுமை உங்களுக்கு இருந்தால் எப்பாக்ஸி, இல்லையென்றால் வார்னிஷைப் பல பூச்சாகக் கொடுத்துவிட்டு வருஷாவருஷம் விளிம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். முகத்துக்கு எப்பாக்ஸி பூசிவிட்டுத் துளைகளைப் பச்சையாக விடுவதுதான் இரண்டிலும் கெட்டது.

பலகையை மாட்டும்முன் தகட்டின் உள்முகத்துக்கு அலுமினியத்துக்கான ப்ரைமர் ஒரு பூச்சு அடித்துவிடுங்கள். பலகை முழுக்கச் சீலன்டை அப்பி ஒட்டுகிற வழக்கம் சிலருக்கு இருக்கிறது, வேண்டாம். ஒவ்வொரு போல்ட்டைச் சுற்றியும், மேல்விளிம்பில் மூடிக்கு அடியிலும் மட்டும் தடவுங்கள், கீழே திறந்தே இருக்கட்டும், எப்படியோ உள்ளே போகிற தண்ணீர் வடிந்துபோக அதுதான் வழி. சீலன்டில் 3எம் 4200 மாதிரி பாலியூரித்தேன் போதும். 5200 அதைவிடப் பிடிக்கும், பிடித்தால் விடாது, நாளைக்கு யாராவது இதைக் கழற்ற நேர்ந்தால் தகடும் சேர்ந்து வளையும். வினிகர் வாடை அடிக்கிற சிலிக்கான் வேண்டவே வேண்டாம், அந்த அமிலம் அலுமினியத்தை அரிக்கும், அது பட்ட இடத்தில் பிறகு பெயிண்டும் நிற்காது.

போல்ட்டுக்கு ஸ்டெயின்லெஸ், உட்பக்கம் அகல வாஷர், நைலான் வளையம் வைத்த நட். ஸ்டெயின்லெஸ்ஸும் அலுமினியமும் முழுக்க ஒத்துப்போகிற ஜோடி இல்லைதான், ஆனால் நல்ல தண்ணீரில், டெஃப்-ஜெல் மாதிரி அரிப்புத் தடுப்புக் களிம்பு ஏதாவது தடவிப் போட்டால் கவலையில்லை. பித்தளை போல்ட், கால்வனைஸ் அடித்த கூரை போல்ட் இரண்டும் வேண்டாம். ஸ்டெயின்லெஸ் நட்டை டிரில்லில் மாட்டி வேகமாகச் சுற்றினால் மரையில் கடித்து அப்படியே நின்றுவிடும், கையாலேயே இறுக்குங்கள். முதலில் சீலன்ட் லேசாகப் பிதுங்கும்வரை மட்டும் இறுக்கிவிட்டு, ஒருநாள் கழித்து மிச்சத்தை இறுக்கினால் நடுவில் ஒரு ரப்பர் வளையம் மாதிரி அது தங்கும். ரிவெட் இருந்த இடங்களில் முடிந்தால் கெட்டி ரிவெட்டே அடியுங்கள், வெளியே ஒருவர் சுத்தியலோடும் உள்ளே ஒருவர் இரும்புக் கட்டியோடும் நிற்க வேண்டும். ஆள் இல்லையென்றால் முனை மூடிய பாப் ரிவெட் போடலாம். சாதாரண பாப் ரிவெட்டின் நடு ஓட்டை வழியாகத் தண்ணீர் கசியும், உள்ளே நிற்கிற இரும்புத் தண்டு துருப்பிடிக்கும், தண்ணீர்க்கோட்டுக்குக் கீழே அதற்கு இடமில்லை.

வடிகுழாய்க்குக் கடையில் முதலில் கையில் கொடுப்பது பித்தளைக் குழாய். அலுமினியக் குழாயைத் தேடி வாங்குங்கள். பித்தளைதான் கிடைத்தது என்றால் விளிம்புக்கு அடியில் சீலன்டைத் தாராளமாக வைத்து, பித்தளை தகட்டை எங்கும் தொடாதபடி உட்காரவையுங்கள். பித்தளையிலும் செம்புதானே இருக்கிறது.

மீன் தேடும் கருவியின் சென்சாரை நேராக டிரான்ஸத்தில் ஸ்க்ரூ போட்டு மாட்ட வேண்டாம். ஒரு பிளாஸ்டிக் பலகைத் துண்டை முதலில் மாட்டிவிட்டு, சென்சாரை அதில் முடுக்குங்கள். பலகைத் துண்டைப் பிடிக்க, எப்பாக்ஸி நிரப்பிய துளையில் இரண்டே போல்ட் போதும், அதுவும் தண்ணீர்க்கோட்டுக்கு மேலே. நாளை வேறு கருவி வாங்கினாலும், மேலே கீழே நகர்த்தினாலும், புது ஓட்டை விழுவது அந்தப் பிளாஸ்டிக்கில்தான்.

மோட்டாரின் கிளாம்ப் ஸ்க்ரூ உட்கார்கிற இடத்தில் மரத்துக்கும் ஸ்க்ரூவுக்கும் நடுவே ஒரு அலுமினியத் தகட்டுத் துண்டு வைத்துவிடுங்கள், இல்லையென்றால் அந்த வட்டத் தலைகள் பெயிண்டையும் எப்பாக்ஸியையும் கடித்து மரத்தைத் திறந்துவிடும். படகில் ஒட்டியிருக்கிற கொள்ளளவு அட்டையில் அதிகபட்சம் எத்தனை எச்.பி. என்று போட்டிருக்கும், பலகை புதுசு என்பதற்காக அதைத் தாண்டிப் பெரிய மோட்டார் மாட்ட வேண்டாம், தகடும் ரிவெட்டும் பழசுதானே. டிரெய்லரில் இழுத்துப்போகும்போது மோட்டாரைச் சாய்த்து, டிரெய்லரிலிருந்து அதற்கு ஒரு முட்டுக்கம்பு கொடுங்கள். குண்டும் குழியுமான ஏரிச்சாலையில் சாய்ந்த மோட்டார் குதிக்கிற ஒவ்வொரு குதிப்பும் டிரான்ஸத்தைத்தான் உலுக்கும்.

ஏப்ரலில் ஏரிப் பனி உருகுவதற்குள் முடித்துவிட்டால் மே மாதம் வாலாய் என்ற ஏரிமீன் பிடிக்கிற சீசன் திறக்கும்போது படகு தயார். முதல் தடவை போய்வந்ததும் எல்லா நட்டையும் ஸ்பேனர் போட்டு ஒரு முறை பாருங்கள், மரமும் சீலன்டும் அமர்ந்து கால் சுற்று இறங்கியிருக்கும். அப்போதே மோட்டாரின் கீழ்முனையைப் பிடித்து மேலும் கீழும் ஆட்டிப்பாருங்கள். மோட்டாரோடு படகு மொத்தமும் சேர்ந்து ஆட வேண்டும், டிரான்ஸம் மட்டும் தனியாக அசையக் கூடாது. அசைந்தால் பலகையைச் சந்தேகப்படும் முன் நடு முட்டுச் சட்டம் தரையோடு சேர்கிற இடத்து ரிவெட்டுகளைப் பாருங்கள், 80களின் படகில் அவை தளர்ந்திருப்பது சகஜம்.